பேங்க் மேனேஜர் நாயகி ஒப்பந்தக் கல்யாணத்துக்கு ஏன் சம்மதிப்பாள்? காரணம் இடிக்கிறது, உதவுங்கள்

காவிரிக்கரை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். பகலில் ஈரோட்டில் ஒரு நூல் கடையில் கணக்கு எழுதுகிறேன். இரவில் தொடர்கதை எழுதுகிறேன். இப்போது போய்க்கொண்டிருப்பது ஓர் ஒப்பந்தக் கல்யாணக் கதை, அதாவது காதல் இல்லாமல் ஒரு காரணத்துக்காகப் பேசிவைத்துச் செய்துகொள்ளும் கல்யாணம். வாசகிகளுக்கு நாயகியைப் பிடித்திருக்கிறது, நாயகனையும் பிடித்திருக்கிறது. கல்யாணத்தை மட்டும் நம்பமாட்டேன் என்கிறார்கள். "கையில சம்பளம், கழுத்துல ஐடி கார்டு, கேள்வி கேட்க வீட்டுல பெரியவங்க யாரும் இல்ல. இவ எதுக்கு சிஸ் யாரோ ஒருத்தன்கிட்ட கழுத்தை நீட்டணும்?" என்று ஒருவர் கமெண்ட் போட்டார். என் எபிசோடை விட அந்தக் கமெண்ட்டுக்கு லைக் அதிகம்.

கேள்வி நியாயமானது. இந்த மாதிரிக் கதைகளில் வழக்கமாக வரும் காரணங்கள் உங்களுக்கே தெரியும். அப்பா வாங்கிய கடன், தம்பிக்கு ஆபரேஷன், முகூர்த்த நேரத்தில் ஓடிப்போன மாப்பிள்ளை. அப்புறம் ஐ.சி.யூவில் படுத்துக்கொண்டு "உன்னை மாலையும் கழுத்துமா பார்த்துட்டா நிம்மதியா கண்ணை மூடுவேன்" என்கிற பாட்டி. (கடைசி எபிசோடு வரை பாட்டி கண்ணை மூடமாட்டார். எபிலாக்கில் கொள்ளுப்பேரனுக்குக் காது குத்துவார்.) இந்தக் காரணங்கள் எல்லாமே கையில் காசில்லாத, வீட்டில் பேச்சு எடுபடாத பெண்ணுக்காக உண்டானவை. என் அபிராமிக்கு வயது முப்பத்துநான்கு. பொதுத்துறை வங்கி ஒன்றில் ஸ்கேல் டூ (அதிகாரிகளில் இரண்டாம் படி) மேனேஜர், கரூர்க் கிளை. அடுத்தவர் கடனில் கையெழுத்துப் போடுகிறவளை அப்பாவின் கடனுக்காகத் தாலி கட்டிக்கொள்ள வைத்தால் அது அவளுக்கும் அவமானம், எனக்கும் அவமானம். ஆபரேஷன் என்று எழுதினால் "ஸ்டாஃப் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் எங்கே போச்சு?" என்று யாராவது கேட்பார்கள்.

எனக்கு ஒன்று பிடிவாதமாகத் தோன்றுகிறது. வேலை பார்க்கும் பெண் ஒரு தேவைக்காகக் கல்யாணம் செய்கிறாள் என்றால், அந்தத் தேவை அவள் பார்க்கிற வேலைக்குள்ளிருந்தே கிளம்ப வேண்டும். பணத்தால் தீர்க்க முடியாததாக இருக்க வேண்டும். கல்யாணப் பேச்சை எடுப்பவளும் அவளாகவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவளுடைய வேலை முதல் எபிசோடில் கட்டிவரும் காட்டன் புடவை மாதிரிதான். ஆறாவது எபிசோடில் அது எங்கே போனது என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இப்போதைக்கு நான் வைத்திருக்கும் காரணம் இது. அபிராமிக்கு ஸ்கேல் த்ரீ ப்ரமோஷன் வருகிறது. கூடவே பாட்னாவுக்கு டிரான்ஸ்ஃபர். அக்காவும் அக்கா கணவரும் திண்டுக்கல் ரோட்டில் நடந்த விபத்தில் போய்விட்டார்கள். அவர்கள் மகள் நேத்ரா, பதினான்கு வயது, ஒன்பதாம் வகுப்பு முடிக்கப் போகிறாள், சித்தியோடுதான் இருக்கிறாள். அபிராமியின் அப்பா அம்மா அதற்கு முன்பே காலமாகிவிட்டார்கள். பத்தாம் வகுப்பு நேரத்தில் பெண்ணைப் பாட்னாவுக்கு இழுத்துக்கொண்டு போகவும் முடியாது, விட்டுவிட்டுப் போகவும் ஆளில்லை. "கணவர் இருக்கும் ஊர்" என்று காட்டினால் கரூர்ப் பக்கமே போஸ்டிங் கிடைக்கும் என்று கணக்குப் போடுகிறாள். அப்போது கண்ணில் படுகிறவன் செந்தில்குமரன், கரூரில் பஸ் பாடி கட்டும் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான், இவள் கிளையிலேயே கேஷ் கிரெடிட் (தொழில் கடன்) கணக்கு. இந்தக் கதையிலாவது நாயகன் ஹெலிகாப்டரில் வரக்கூடாது என்பதற்காகத்தான் பஸ் பாடி.

என் சந்தேகங்கள்: கணவர் ஊருக்கு டிரான்ஸ்ஃபர் என்று வங்கியில் உண்மையிலேயே உண்டா? இருவரும் ஸ்டாம்ப் பேப்பரில் "ஒரு வருடம், பிறகு பிரிவு, ஜீவனாம்சம் கேட்கக்கூடாது" என்று எழுதிக்கொள்கிறார்கள், அது செல்லுமா? அப்புறம் செந்திலுக்கு என்ன காரணம் கொடுப்பது? இப்போதைக்கு அவனுக்கு லோன் லிமிட்டை உயர்த்த வேண்டும் என்று வைத்திருக்கிறேன். எழுதும்போதே கசக்கிறது.

"கதைதானே சிஸ், லாஜிக் எதுக்கு" என்று சொல்ல வருகிறவர்கள் தயவுசெய்து அடுத்த இழைக்குப் போகவும்.

லாயிட்ஸ்ரோடு வாசகி:

அம்மா காவிரி, நான் கல்லூரி நாளிலேயே ராயப்பேட்டை ஈஸ்வரி லெண்டிங் லைப்ரரியில் மில்ஸ் அண்ட் பூன் காதல் நாவல்கள் எடுத்துப் படித்தவள். உறைக்குள் வேறு புத்தகத்தை வைத்து மறைத்துக்கொண்டு வருவோம். அதனால் ஒப்பந்தக் கல்யாணத்தில் எனக்குச் சற்று அனுபவம் உண்டு, படித்த அனுபவம்தான்.

பழைய காலத்து இங்கிலாந்தில் நடக்கும் கதைகளில் இந்தக் கல்யாணம் கச்சிதமாகப் பொருந்தும். காரணம் அந்த ஊர்ச் சட்டம். 1882-இல் மணமான பெண்களின் சொத்துச் சட்டம் வரும்வரை கல்யாணமான பெண்ணின் சொத்து பெரும்பாலும் புருஷன் கைக்குத்தான் போகும். எஸ்டேட் ஆண் வாரிசுக்கு என்று எழுதிவைத்திருந்தால் பெண்கள் தெருவில் நிற்க வேண்டியதுதான். அங்கே கல்யாணம்தான் பெண்ணுக்குக் கிடைத்த வேலை மாதிரி. எழுதுகிறவர்கள் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. தற்காலக் கதை என்று வந்ததும் திணறல் ஆரம்பம். உயில், விசா, கிரேக்கக் கப்பல் முதலாளிக்குத் திடீரென்று தேவைப்படும் மனைவி. அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்கள் கப்பலை எடுத்துவிட்டுக் கோயம்புத்தூர் மில்லை வைத்தார்கள், அவ்வளவுதான். நீ வேலையிலிருந்து காரணம் எடுக்கிறேன் என்கிறாயே, அது சரியான வழி.

செந்திலுக்கு லோன் வேண்டாம். காசுக்காகத் தாலி கட்டியவன் என்று ஒரு தடவை பதிந்துவிட்டால் முப்பது எபிசோடு உருகினாலும் அந்தக் கறை போகாது. நம் வீடுகளில் சாதாரணமாக நடப்பதையே வையேன். அண்ணன் கல்யாணம் ஆகாமல் உட்கார்ந்திருக்கிறான், தம்பி ஒரு பெண்ணை விரும்புகிறான், பெண் வீட்டில் "மூத்தவன் இருக்க இளையவனுக்கு எப்படி?" என்று இழுக்கிறார்கள், அந்தப் பெண்ணுக்கு வேறு இடம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். செந்திலுக்குக் கல்யாணத்தில் நாட்டமில்லை, தம்பி மேல் உயிர். இது போதும். காரணம் சின்னதாக இருந்தால் ஆள் பெரியவனாகத் தெரிவான்.

இன்னொன்று. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாத மாமியார் ஒருத்தி இருப்பாளே, அவளை எங்கேயும் காணோம். இந்தக் கதைகளை என்னைப் போன்றவர்கள் படிப்பது முத்தத்துக்காக இல்லை அம்மா, அதற்கு முன்னால் வரும் வீட்டுக் காட்சிகளுக்காக. மார்ச் மாதக் கடைசியில் அபிராமி இரவு பத்து மணிக்கு வீட்டுக்கு வருவாள். சாப்பாடு யார் எடுத்துவைப்பது? "எங்க வீட்டு மருமக இந்த நேரத்துக்கா வர்றது" என்று மாமியார் சொல்வாளா, அல்லது ஒன்றும் சொல்லாமல் ரசத்தைச் சூடு பண்ணுவாளா? சொல்லாமல் சூடு பண்ணினால் அபிராமிக்குத்தான் சங்கடம், ஏனென்றால் அந்த அம்மாவைத்தான் அவள் ஏமாற்றிக்கொண்டிருக்கிறாள். செந்திலோடு பிணக்கு வருவதை விட எனக்கு இதுதான் வேண்டும்.

கேஷ்சாவி:

அம்மா, நான் பொதுத்துறை வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவன். கதை படிப்பது என் மனைவி. "இந்தப் பேங்க் விஷயம் சரியா என்று பாருங்கள்" என்று போனை என் கையில் கொடுத்துவிட்டாள்.

நீங்கள் சொல்லும் டிரான்ஸ்ஃபர் உண்டு. 2014-இல் மத்திய நிதி அமைச்சகத்தின் நிதிச் சேவைகள் துறையிலிருந்து பொதுத்துறை வங்கிகளுக்கு ஓர் அறிவுரை வந்தது. மணமான பெண் ஊழியர் கேட்டால் கணவர் இருக்கும் ஊரிலோ பக்கத்திலோ கூடுமானவரை போஸ்டிங் கொடுங்கள் என்று அதில் சொல்லியிருந்தார்கள். மணமாகாத பெண்ணுக்குப் பெற்றோர் இருக்கும் ஊர் என்றும் இருந்தது. அபிராமியின் அப்பா அம்மா உயிரோடு கரூரில் இருந்திருந்தால் தாலிக்கே அவசியமில்லை, ஒரு விண்ணப்பம் போதும். நீங்கள் அவர்களை முன்பே அனுப்பிவைத்துவிட்டீர்கள், கதை பிழைத்தது. கணவன் உண்டு, பெற்றோர் உண்டு. அக்கா மகளுக்காக என்று கேட்க அதில் ஒரு வரியும் இல்லை. வேறு எதை மாற்றினாலும் இதை மாற்றாதீர்கள்.

ஆனால் "கூடுமானவரை" என்ற சொல்லை மறக்க வேண்டாம். அது உரிமை இல்லை. சான்றிதழை இணைத்து விண்ணப்பித்த மறுநாளே கரூருக்கு ஆர்டர் வந்தது என்று எழுதினால் பேங்க் ஆட்கள் சிரிப்பார்கள். பாட்னாவை ரத்து செய்து திருச்சி கொடுத்தார்கள் என்று வையுங்கள். காலையில் ரயில், இரவில் பஸ், நடுவில் எண்பது கிலோமீட்டர். கல்யாணமும் செய்துகொண்டு, தினமும் அலையவும் வேண்டியிருக்கிறது. செந்தில் பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி எடுத்துக்கொண்டு வந்து நிற்பதற்கும் உங்களுக்கு ஓர் இடம் கிடைக்கும்.

ப்ரமோஷனே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன என்று வாசகர்கள் கேட்பார்கள். கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தால் அடுத்த சில வருடங்கள் ப்ரமோஷனுக்குக் கூப்பிடமாட்டார்கள், எத்தனை வருடம் என்பது வங்கிக்கு வங்கி மாறும். என் காலத்தில் பிள்ளைகள் பத்தாவது, பன்னிரண்டாவது என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கடைசிவரை மேனேஜராகவே இருந்த பெண் அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் வேலை கற்றுக்கொண்ட பையன்கள் பின்னால் ரீஜனல் மேனேஜராக வந்து அவர்களையே இன்ஸ்பெக்ஷன் செய்தார்கள். அபிராமி அதைக் கண்ணால் பார்த்தவள் என்று ஒரு காட்சி வையுங்கள், அவள் பிடிவாதம் புரியும்.

செந்தில் அவள் கிளைக் கடன்காரன் என்பதுதான் பெரிய சிக்கல். கணவருக்கோ உறவினருக்கோ தானே கடன் அனுமதிக்க நடத்தை விதியில் இடமில்லை, மேலிடத்துக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். ஏற்கெனவே அவள் கையெழுத்தில் அவனுக்கு லிமிட் போயிருந்தால், "உயர்த்திக் கொடுத்துவிட்டுக் கட்டிக்கொண்டாள்" என்று மொட்டைக் கடிதம் போகும். மொட்டைக் கடிதத்தின் மேல் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்பது மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்தின் விதி. ஊர் வாய்க்கு விதி கிடையாது. அந்த நாடகம் வேண்டுமென்றால் வையுங்கள். வேண்டாமென்றால் அவன் கணக்கை வேறு வங்கிக்கு மாற்றிவிடுங்கள். பஸ் பாடி கட்டுகிறவர்களுக்குப் பணம் மொத்தமாக மாட்டிக்கொண்டு நிற்கும். வட்டி தொண்ணூறு நாள் கட்டாமல் போனால் கணக்கு வாராக்கடன். அந்தத் தொண்ணூறு நாளை அவள் வீட்டில் இருந்துகொண்டு வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், எந்த நாளில் கணக்கு கவிழும் என்பது அவளுக்கு அத்துப்படி. மனைவியாகச் சொல்வதா, அதிகாரியாகப் பேசாமல் இருப்பதா?

கல்யாணத்தன்று காலையில் அவள் நேராக மண்டபத்துக்குப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். ஸ்ட்ராங் ரூம் சாவி ஜாயின்ட் கஸ்டடியில் இரண்டு பேரிடம் இருக்கும். லீவு என்றால் ரிஜிஸ்டரில் எழுதி அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு மணவறையில் உட்கார்ந்தால் அன்றைக்குக் கரூர்க் கிளை திறக்காது.

சைலன்ட்ரீடர்98:

சிஸ் நான் முதல் எபிசோடிலிருந்து சைலன்ட் ரீடர். இப்போதுதான் வாய் திறக்கிறேன். மாமியார் ரசம் சூடு பண்ணும் சீன் கட்டாயம் வேண்டும். செந்திலைத் தயவுசெய்து ஆன்ட்டி ஹீரோ ஆக்கிவிடாதீர்கள், போன கதையில் அழுதது போதும். அடுத்த யூடி (அப்டேட்) எப்போது?

கறுப்புக்கோட்டு:

குடும்பநல நீதிமன்றத்தில் வழக்காடுகிறவன். என் கட்சிக்காரர்கள் சிலர் இந்த மாதிரிக் கதைகளில் படித்ததைச் சட்டம் என்று நம்பிக்கொண்டு வருகிறார்கள், அதனால் எனக்கும் இதில் அக்கறை உண்டு.

உங்கள் ஸ்டாம்ப் பேப்பர் செல்லாது. பின்னால் பிரிந்துவிடுவோம் என்று கல்யாணத்துக்கு முன்பே போடும் ஒப்பந்தம் பொதுக் கொள்கைக்கு எதிரானது. 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் அடிபட்டுப் போகும். ஜீவனாம்சம் கேட்கமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தாலும் நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது. அதே சமயம் கல்யாணம் செல்லும். மனதுக்குள் "இது நாடகம்" என்று நினைத்துக்கொண்டு கட்டினாலும் சட்டத்துக்கு அது முழுக் கல்யாணம்தான். எனவே பேங்கில் அவள் காட்டும் சான்றிதழ் பொய் இல்லை. பொய் முழுக்க வீட்டுக்குள்தான்.

மண்டபமே தேவையில்லை என்பதும் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவு இருக்கிறது. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967-இல் வந்த திருத்தம். உறவினர் நண்பர் முன்னிலையில், இருவருக்கும் புரிகிற மொழியில் ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்லி மாலையோ மோதிரமோ மாற்றினாலோ, தாலி கட்டினாலோ போதும். புரோகிதர் வேண்டாம். ஊரறிய நடத்த வேண்டிய அவசியமும் இல்லை என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2009-ஆம் வருடத் திருமணப் பதிவுச் சட்டப்படி தொண்ணூறு நாளுக்குள் சார்பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும். டிரான்ஸ்ஃபர் விண்ணப்ப அவசரத்தில் அபிராமி அடுத்த வாரமே போய் நிற்பாள். தனித் திருமணச் சட்டத்தில் மட்டும் போக வேண்டாம். முப்பது நாள் அறிவிப்பு ஒட்டுவார்கள், அதை மாமா ஒருவர் வந்து படிப்பார்.

"ஒரு வருடத்தில் பிரிவு" என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் ஒரு வருடத்துக்குள் விவாகரத்து மனுவே போட முடியாது, மிகக் கடுமையான கஷ்டம் என்று காட்டி நீதிமன்ற அனுமதி வாங்கினால்தான் உண்டு. பரஸ்பர சம்மதம் என்றால் மனுப் போடுவதற்கு முன்னால் ஒரு வருடம் தனித்து வாழ்ந்திருக்க வேண்டும். மனுவுக்குப் பிறகு ஆறு மாதம் காத்திருக்கச் சொல்வார்கள், தகுந்த காரணம் இருந்தால் அதைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் தீர்ப்பு வந்துவிட்டது. இந்தத் "தனித்து வாழ்வது" என்பதில்தான் உங்களுக்கு லாட்டரி. ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் அது தனித்து வாழ்வதுதான் என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அவள் ஓர் அறை, அவன் ஓர் அறை என்று நீங்கள் எழுதும் ஒவ்வொரு எபிசோடும் கணக்கில் சேர்கிறது. அந்த ஒரு வருடம் மனுவுக்கு உடனே முந்தைய வருடமாக இருக்க வேண்டும். பதினோராம் மாதம் மழை பெய்து கரண்ட் போய் இருவரும் சமாதானமாகிவிட்டால், கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து. மறுநாள் காலை இதை முதலில் யார் சொல்வது?

"எங்களுக்குள் ஒன்றும் நடக்கவில்லை, அதனால் கல்யாணமே செல்லாது" என்று பல கதைகளில் வருகிறது. இந்துத் திருமணச் சட்டத்தில் ஆண்மைக் குறைவு போன்ற இயலாமைதான் காரணம், வெறுமனே நடக்கவில்லை என்பது போதாது. அந்த வசனத்தை நீக்கிவிடுங்கள்.

கேஷ்சாவி சார் சொன்ன "கூடுமானவரை" உண்மை. கணவன் மனைவியை ஒரே ஊரில் வைக்கும் வழிகாட்டுதல் உரிமை ஆகாது என்று 1990களின் தொடக்கத்திலேயே ஒரு வங்கி அதிகாரி வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. மனைவி சண்டிகரில், ப்ரமோஷன் வாங்கிய இவருக்குப் பீகாரில் போஸ்டிங். உங்கள் பாட்னாவைப் படித்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. அபிராமி ஒரு வக்கீலிடம் போனால் அவர் இந்தத் தீர்ப்பைத்தான் எடுத்து வைப்பார். எல்லா வழியும் அடைத்த பிறகுதான் அவள் செந்திலிடம் போக வேண்டும்.

கடைசியாக நேத்ரா. சித்தி அவளைத் தத்து எடுத்துக்கொள்ளலாம். 1956-ஆம் வருட இந்துத் தத்தெடுப்புச் சட்டத்தில் மணமாகாத பெண்ணுக்கும் அந்த உரிமை உண்டு. பெற்றோர் இருவரும் இல்லாத பிள்ளையை, நீதிமன்ற அனுமதியோடு பாதுகாவலர் தானே தத்து எடுக்கலாம். ஆனால் பிள்ளைக்குப் பதினைந்து வயது முடிந்திருக்கக்கூடாது. நேத்ராவுக்குப் பதினான்கு என்கிறீர்கள். அப்புறம், கல்யாணத்துக்கு முன்னால் எடுத்தால் அபிராமியின் முடிவு மட்டும் போதும், பின்னால் வருகிற செந்தில் மாற்றாந்தகப்பன்தான். கல்யாணத்துக்குப் பிறகு எடுப்பதென்றால் கணவன் சம்மதம் வேண்டும், அவன் அப்பா இடத்தில் வந்து நிற்பான். ஒரு வருடத்தில் போகப் போகிறவனை அந்தக் குழந்தைக்கு அப்பா ஆக்குவாளா? முன்னா, பின்னா என்பதிலேயே உங்களுக்கு நாலு எபிசோடு இருக்கிறது.

வேறு யாராவது இந்த மாதிரிக் கதை எழுதினால் அவர்களுக்கு இலவசமாக ஒன்று. 2021-ஆம் வருட வாடகைத் தாய்ச் சட்டத்தில் கல்யாணமே ஆகாத பெண்ணுக்கு வழியில்லை. விதவைக்கும் விவாகரத்தானவளுக்கும் முப்பத்தைந்திலிருந்து நாற்பத்தைந்து வயதுக்குள் உண்டு. கர்ப்பப்பை எடுக்கப்பட்ட, கல்யாணமாகாத ஓர் அதிகாரி குழந்தைக்காக விவாகரத்து வாங்க வேண்டும், அதற்காக முதலில் கல்யாணம் செய்ய வேண்டும். இதை நான் கற்பனை செய்யவில்லை, சட்டமே அப்படித்தான் இருக்கிறது.

காவிரிக்கரை:

எல்லாருக்கும் நன்றி. கறுப்புக்கோட்டு சார், அந்த இலவசக் கதையை நானே எடுத்துக்கொள்கிறேன், அடுத்ததாக.

இப்போது முடிவு செய்திருப்பது: செந்திலின் கணக்கு வேறு வங்கிக்குப் போகிறது. தம்பி காதல்தான் அவனுக்குக் காரணம். வாசகி அம்மா சொன்னதைப் படித்ததும் தம்பியின் முகமே கண்ணுக்குள் வந்துவிட்டது. தொண்ணூறு நாள் வாராக்கடன் விஷயத்தை விடமாட்டேன். வேறு வங்கி என்பதால் அவளுக்குக் கணக்கைப் பார்க்க வழியில்லை, ஆனால் வீட்டுக்கு வரும் தபாலைப் பார்த்தே நாளை எண்ணுவாள். பாட்னா ரத்தாகித் திருச்சி. அந்தக் காலை ரயிலில் தினமும் கூட வரும் நாலு டீச்சர்கள் இப்போதே பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

ஸ்டாம்ப் பேப்பரைக் கிழிக்கப்போவதில்லை. அபிராமிக்கு அது செல்லாது என்று தெரியும், தினமும் ஆவணம் பார்க்கிறவள். தெரிந்தேதான் எழுதுகிறாள். செல்லாத காகிதத்துக்கு இருவரும் எவ்வளவு உண்மையாக இருக்கிறார்கள் என்பதைத்தான் நான் எழுத வேண்டும்.

தத்தெடுப்பைக் கல்யாணத்துக்கு முன்பே வைக்கிறேன், அவள் யாரையும் கேட்காமல் எடுக்கும் முடிவாக. பிறகு செந்தில் "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று கேட்பான். கேட்க அவனுக்கு உரிமையில்லை, அது அவனுக்கும் தெரியும். அங்கேதான் முதல் சண்டை.

சைலன்ட்ரீடர், யூடி ஞாயிறு. ஆன்ட்டி ஹீரோ இல்லை.

கேஷ்சாவி:

ஒன்று விட்டுப்போயிற்று. ப்ரமோஷன் ரிசல்ட்டும் டிரான்ஸ்ஃபரும் பெரும்பாலும் ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையில் வரும், பள்ளிக்கூடம் திறப்பதற்குள் ஆட்களை நகர்த்தப் பார்ப்பார்கள். நீங்கள் தீபாவளிக்கு வைத்திருக்கிறீர்கள், மாற்றிவிடுங்கள். அப்போதுதான் நேத்ரா ஒன்பது முடித்துப் பத்துக்குப் போகும் நேரமும் ஒத்துவரும்.

என் மனைவி ஒன்று கேட்கச் சொல்கிறாள். அந்தப் பெண் படிப்பது சி.பி.எஸ்.இயா, ஸ்டேட் போர்டா? சி.பி.எஸ்.இ என்றால் பாட்னாவிலும் பள்ளிக்கூடம் இருக்கிறதே, கூட்டிக்கொண்டு போக வேண்டியதுதானே என்கிறாள்.

காவிரிக்கரை:

ஸ்டேட் போர்டு, தமிழ் மீடியம் சார். இந்த நிமிடத்திலிருந்து. அம்மாவுக்கு என் வணக்கம் சொல்லுங்கள்.